ஒத்திசைவு முறியும்போது: பகிர்வுப் பட்டியல்களும் மின்னஞ்சல் செயலியும்

1. தோற்றுவாய்

ஆசிரியப் பணியில் பட்டியல் இல்லாத நாள் இல்லை. மாணவர் பெயர்ப்பட்டியல், பெற்றோர் தொடர்புப் பட்டியல், தேர்வு நாட்காட்டி, பணிப் பகிர்வுப் பட்டியல், கலைச்சொற் பட்டியல் என அவை பெருகிக்கொண்டே செல்கின்றன. முன்னர் அலுவலகச் சுவரிலும் பதிவேட்டிலும் இருந்தவை இப்போது இணையத்தில் பலரும் ஒருங்கே பயன்படுத்தும் பகிர்வுப் பட்டியல்களாக உள்ளன. அப்பட்டியல்களை நாள்தோறும் திறக்கும் மின்னஞ்சல் செயலிக்குள்ளேயே காணவும் திருத்தவும் வழி உண்டு. இவ்வசதி முறையாக இயங்கும்வரை அதைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை.

முறிவு நேரும்போதோ அது பெரும்பாலும் ஓசையின்றி நேர்கிறது. ஆசிரியர் ஒருவர் ஒரு பெற்றோரின் புதிய தொலைபேசி எண்ணைத் தம் மின்னஞ்சல் செயலியில் திருத்துகிறார் எனக் கொள்வோம். அவருடைய திரையில் புதிய எண் தெரிகிறது. பள்ளி அலுவலகம் காணும் பட்டியலிலோ பழைய எண்ணே நிற்கிறது. இரு தரப்பாரும் தம்மிடம் உள்ளதே சரியானது என நம்புகின்றனர். அம்மாணவர் உடல்நலம் குன்றும் நாளில் அலுவலகம் பழைய எண்ணைத்தான் அழைக்கும். ஆகவே ஒத்திசைவு முறிவைத் தொழில்நுட்பத் தொல்லை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. நம்பகமான தகவல் யாரிடம் உள்ளது என்னும் வினா அதில் அடங்கியுள்ளது.

மொழியியல் பயின்றோர் இதைப் பற்றிப் பேசுவதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, பட்டியல் என்பது எழுத்தால் ஆனது; தமிழ்ப் பட்டியல்களில் தோன்றும் பிழைகள் சில நம் எழுத்து கணினியில் பதியும் முறையிலிருந்தே பிறக்கின்றன. இரண்டாவது, பிழையின் காரணத்தைக் கண்டறியும் முறை மொழியியலார் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறையோடு ஒத்தது. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு, பரவலாகப் பயன்படும் ஓர் இணைப்பை, அதாவது ஷேர்பாயிண்ட் பட்டியல்களுக்கும் அவுட்லுக் மின்னஞ்சல் செயலிக்கும் இடையிலான இணைப்பை, எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முற்படுவோம்.

2. ஒத்திசைவு என்னும் சொல்லும் பொருளும்

‘இசைதல்’ என்பதற்கு உடன்படுதல் என்றும் பொருள் உண்டு. ‘இசைவு தந்தார்’ என்னும் வழக்கில் அப்பொருளே நிற்கிறது. எனவே ஒத்திசைவு என்பது இரண்டு படிகள் தம்முள் உடன்பட்டு நிற்கும் நிலை. எழுவாயும் பயனிலையும் இயைந்து நிற்பதை வழாநிலை என்கிறோம். இயைபு கெடின் அது வழு. கணினித் துறையினர் நிரற்பிழையை ‘வழு’ என வழங்குவது இவ்விடத்தில் மிகப் பொருந்துகிறது. ‘அவன் வந்தாள்’ என்னும் தொடரில் இரு சொற்களும் தனித்தனியே பிழையற்றவை. அவற்றின் இயைபே பிழைபட்டது. ஒத்திசைவு முறிவும் இத்தகையதே. இணையப் பட்டியல் நன்றாக இருக்கலாம். மின்னஞ்சல் செயலியும் நன்றாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையிலான உடன்பாடே கெட்டிருக்கலாம்.

இணைப்பை ஏற்படுத்தியவுடன் செயலி பட்டியல் முழுவதையும் பயனரின் கணினிக்குப் படியெடுத்துக்கொள்கிறது. பின்னர் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் படியெடுப்பதில்லை. ‘சென்ற முறை இவ்விடம்வரை பெற்றுக்கொண்டேன், அதன்பின் மாறியவை எவை?’ என்று வழங்கியைக் கேட்கிறது. வழங்கி தன் மாற்றப் பதிவேட்டைப் பார்த்து, புதியவை, திருத்தப்பட்டவை, நீக்கப்பட்டவை ஆகியவற்றை மட்டும் அனுப்பி, அடுத்த முறைக்கான அடையாளக் குறி ஒன்றையும் தருகிறது. நூலில் படித்த இடத்தில் ஓலை வைப்பது போன்றது இவ்வடையாளக் குறி. வழங்கியின் மாற்றப் பதிவேடு என்றென்றும் நிலைப்பதில்லை. நிறுவனங்கள் தம் வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளும் ஷேர்பாயிண்டில் இயல்பான கால அளவு 60 நாள்கள். நீண்ட விடுமுறைக்குப்பின் திறக்கப்படும் கணினி வைத்திருக்கும் குறி அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டதாயின், மாறியவற்றை மட்டும் கேட்டுப் பெற இயலாது. பட்டியல் முழுவதையும் மீண்டும் பெற வேண்டும். விடுமுறை முடிந்த முதல் நாளில் ஒத்திசைவு மந்தமாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

3. இணைப்பின் அமைப்பு

அவுட்லுக்கின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் ஷேர்பாயிண்ட் பட்டியல்களைப் படிக்க மட்டுமே இயன்றது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து தொடர்பு, நாட்காட்டி, பணி ஆகிய பட்டியல்களை இரு வழியிலும் ஒத்திசைக்க முடிந்தது. பட்டியலின் பக்கத்தில் உள்ள ‘கனெக்ட் டு அவுட்லுக்’ என்னும் பொத்தானை அழுத்தினால் இணைப்பு உருவாகும். இப்பொத்தான் பழைய முகத்தோற்றத்தில் அமைந்தது. பட்டியலின் படி, பயனரின் அஞ்சற்பெட்டியோடு கலவாமல், ‘ஷேர்பாயிண்ட் லிஸ்ட்ஸ்’ என்னும் தனிக்கோப்பில் அவருடைய கணினியிலேயே சேமிக்கப்படுகிறது. இவ்வமைப்பிலிருந்து நான்கு செய்திகள் பெறப்படுகின்றன.

ஒன்று: எல்லாப் பட்டியலும் இணையாது. தொடர்பு, நாட்காட்டி, பணி போன்ற குறிப்பிட்ட வகைகளுக்கே இவ்வசதி உண்டு. நாமே வடிவமைத்த கலைச்சொற் பட்டியலில் அப்பொத்தான் காணப்படாதது பழுதன்று. அதன் இயல்பு அது.

இரண்டு: நாம் கூடுதலாகச் சேர்த்த பத்திகள் அவுட்லுக்கில் தோன்றா. தொடர்புப் பட்டியலில் ‘வீட்டில் பேசும் மொழி’ என ஒரு பத்தியைச் சேர்த்திருந்தால் அது இணையத்தில் மட்டுமே தெரியும். அது மறைந்துவிட்டது என்று கருதி மீண்டும் மீண்டும் இணைப்பை அறுத்து ஒட்டுவோர் உளர்.

மூன்று: இணையப் பக்கத்தில் ஒரு பார்வையை வடிகட்டி, நான்காம் வகுப்பு மாணவர் மட்டும் தெரியுமாறு செய்திருந்தாலும், அவுட்லுக்குக்கு வருவது முழுப் பட்டியலே. வடிகட்டல் கண்ணுக்குத் திரையிடுமே அன்றி உரிமையை வரையறுக்காது. ‘நான் மறைத்து வைத்தேன்’ என்று ஆசிரியர் நினைக்கும் விவரம், பட்டியலைக் காணும் உரிமையுள்ள ஒவ்வொருவரின் கணினியிலும் படியாக நிற்கக்கூடும்.

நான்கு: மடிக்கணினி ஒன்று தொலையுமாயின் பட்டியலின் படியும் அதனோடு தொலையும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. சட்டத்தின் எல்லை எந்நிறுவனத்துக்கு எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்க, மாணவர் விவரங்களைக் காக்கும் கடமை ஆசிரியர் அனைவருக்கும் உண்டு. தேவையற்ற பட்டியலை இணைத்து வைத்திருத்தல் தகாது.

4. காரணம் அறியும் முறை

‘கலை’, ‘களை’, ‘கழை’ ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, ஓர் ஒலி மட்டும் மாறும்போது பொருள் மாறுவதைக் காட்டி, ல, ள, ழ ஆகியவை தனித்தனி ஒலியன்கள் என நிறுவுகிறோம். வேறுபாட்டு இணைச் சோதனையின் அடிப்படை இதுவே: மற்றவை யாவும் ஒன்றாக நிற்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல். ஒத்திசைவுப் பிழையைத் தேடுவோர் பலர் இதற்கு மாறாகச் செய்கின்றனர். கடவுச்சொல்லை மாற்றி, செயலியை மறுபடி நிறுவி, பட்டியலையும் புதிதாக உருவாக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிடுகின்றனர். பிழை நீங்கினாலும் காரணம் விளங்காது. நீங்காவிடின் புதிய பிழைகளும் சேரும்.

ஆகவே ஐந்து வினாக்களை வரிசையாக எழுப்ப வேண்டும்.

முதல் வினா: இணைய உலாவியில் அதே பட்டியல் திறக்கிறதா? திறக்கவில்லையெனில் சிக்கல் மின்னஞ்சல் செயலியில் இல்லை. வலையமைப்பு, கணக்கு, உரிமை ஆகியவற்றில் ஒன்றில் உள்ளது.

இரண்டாம் வினா: சக ஆசிரியரின் கணினியில் ஒத்திசைவு நடக்கிறதா? அவருக்கு நடந்து நமக்கு நடக்கவில்லையெனில் பட்டியல் பிழையற்றது. நம் உரிமையிலோ நம் கணினியிலோ குறை இருக்கிறது. இருவருக்கும் நடக்கவில்லையெனில் பட்டியலின் அமைப்பையோ வழங்கியையோ நோக்க வேண்டும்.

மூன்றாம் வினா: முறிந்தது எவ்வழி? இணையத்தில் ‘சோதனை 1’ என ஒரு பதிவை இட்டு அது செயலிக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் செயலியில் ‘சோதனை 2’ என ஒன்றை இட்டு அது இணையத்தை அடைகிறதா என்று பார்க்க வேண்டும். வருகிறது, போகவில்லை என்றால் படிக்கும் உரிமை உண்டு. எழுதும் உரிமை இல்லாதிருக்கலாம். வரவும் இல்லை, போகவும் இல்லை என்றால் இணைப்பே அறுந்திருக்கலாம்.

நான்காம் வினா: எல்லாப் பதிவுகளும் நின்றுவிட்டனவா, ஒரு பதிவு மட்டுமா? ஒன்று மட்டுமெனில் அப்பதிவின் உள்ளடக்கத்தை ஆராய வேண்டும். தமிழ்ப் பட்டியல்களில் இது முக்கியமான வினா, பின்னர் விரிப்போம்.

ஐந்தாம் வினா: எப்போது முதல்? கடவுச்சொல் மாற்றிய நாள், பள்ளித் தளம் இடம்பெயர்ந்த நாள், புதிய கணினி வந்த நாள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் காரணம் பெரும்பாலும் தானே வெளிப்படும்.

5. பரவலான வழுக்கள்

முதலில் எளியவற்றைக் கூறுவோம். அவுட்லுக் ‘ஒர்க் ஆஃப்லைன்’ நிலையில் இருந்தால் எதுவும் ஒத்திசையாது. திரையின் அடிவரியில் அந்நிலை காட்டப்படும். அடுத்து, அனுப்பிப் பெறும் இடைவெளி. இயல்பான அமைப்பில் அது 30 நிமிடம். சற்றுமுன் இட்ட பதிவு தெரியவில்லை என்பதாலேயே முறிவு என்று முடிவு கட்டலாகாது. எஃப்9 விசையை அழுத்தினால் உடனே அனுப்பிப் பெறும் வேலை தொடங்கும். அப்போது தோன்றும் முன்னேற்றச் சாளரத்தில் பிழைச்செய்தி இருப்பின் அதனைச் சொல் மாறாமல் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

உரிமை வழு: ‘இப்பட்டியலைக் காண உங்களுக்கு உரிமை இல்லை, தள நிருவாகியை அணுகவும்’ என்னும் கருத்துடைய செய்தியே மிகுதியாகக் காணப்படுவது. இச்செய்தியை அப்படியே நம்பிவிடுதல் கூடாது. அதன் இறுதியில் ஒரு மூன்றிலக்க எண் இருக்கும். உண்மைக் காரணத்தை அதுவே சுட்டும். 302 என்றால் வழங்கி நம்மை வேறு பக்கத்துக்கு, பெரும்பாலும் நுழைவுப் பக்கத்துக்கு, திருப்பிவிட்டது என்று பொருள். அதாவது செயலி வைத்திருக்கும் நுழைவுச் சான்று காலாவதியாகியிருக்கலாம். 401 என்றால் அடையாளம் ஏற்கப்படவில்லை. 403 என்றால் அடையாளம் தெரிந்தும் அனுமதி மறுக்கப்பட்டது. 404 என்றால் அம்முகவரியில் பட்டியல் இல்லை. 503 என்றால் வழங்கி அப்போது பணியாற்றும் நிலையில் இல்லை. ஐந்துக்கும் ஒரே வாக்கியத்தைக் கூறும் செயலியைக் குறைகூறுவது எளிது. எண்ணைப் படிக்கக் கற்பதே பயனுடையது. உலாவியில் பட்டியல் திறந்து, செயலியில் மட்டும் உரிமைச் செய்தி வருமாயின், கணினியில் சேமிக்கப்பட்ட பழைய கடவுச்சொல்லை நீக்கிப் புதிதாக நுழைதல் முதல் மருந்து.

முகவரி வழு: செயலி பட்டியலை அதன் பெயரால் அறிவதில்லை, முகவரியாலும் உள்ளார்ந்த அடையாள எண்ணாலும் அறிகிறது. ‘பெற்றோர் தொடர்பு’ என்னும் பட்டியலை நீக்கிவிட்டு, அதே பெயரில் வேறொன்றை உருவாக்கினால், மனிதர்க்கு இரண்டும் ஒன்று. செயலிக்கு முன்னது இறந்தது, பின்னது அறியாதது. பலபொருள் ஒருசொல்லைச் சூழலால் பிரித்தறியும் திறன் மனிதர்க்குரியது. செயலிக்கு அது இல்லை. தளம் இடம்பெயர்ந்தாலோ பட்டியல் மறுபடி உருவாக்கப்பட்டாலோ பழைய இணைப்பை நீக்கிப் புதிய இணைப்பை ஏற்படுத்துவதே வழி.

அமைப்பு வழு: பட்டியலின் மேம்பட்ட அமைப்புகளிலும் தளத்தின் அமைப்புகளிலும், ‘இதன் பதிவுகளைப் பயனர் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாமா’ என்னும் வினா உண்டு. நிருவாகி ‘இல்லை’ எனக் குறித்திருந்தால் ஒத்திசைவு நடவாது. பாதுகாப்புக் கருதி வேண்டுமென்றே அவ்வாறு செய்திருக்கவும் கூடும். கேட்டறிந்த பின்னரே மாற்றக் கோர வேண்டும்.

கால வழு: 1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் உலகப் பொதுநேரத்துக்கு 8 மணி முந்திய நேரத்தைக் கடைப்பிடிக்கின்றன. பள்ளித் தளத்தின் நேர வலயம் அமெரிக்க மேற்குக் கரைக்குரியதாகவே விடப்பட்டிருந்தால், இங்கே செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு என அவுட்லுக்கில் இட்ட தேர்வு, அங்குக் குளிர்காலமாயின், தளத்தின் பக்கத்தில் திங்கட்கிழமை மாலை 5 மணி எனத் தோன்றும். ஒத்திசைவு இங்கே முறியவில்லை. இரு தரப்பும் ஒரே கணத்தையே இரு மொழியில் கூறுகின்றன. நாள் முழுவதற்குமான நிகழ்ச்சிகள் ஒருநாள் முன்பின்னாக நகர்வதற்கும் இதுவே பொதுவான காரணம். தளத்தின் வட்டார அமைப்பு, கணினியின் நேர வலயம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒருவழி இணைப்பு: ‘ஐகேலண்டர்’ முகவரி மூலம் சந்தா செய்யப்பட்ட நாட்காட்டிகள் படிப்பதற்கு மட்டுமே உரியவை. அவற்றில் நாம் இடுவன மூலத்தை அடையா. இது வழுவன்று, உடன்பாட்டின் எல்லை.

6. தமிழ்ப் பட்டியல்களுக்கே உரிய சிக்கல்கள்

மேற்கூறியவை எம்மொழிப் பட்டியலுக்கும் பொது. இனித் தமிழ்த் தரவுக்குச் சிறப்பாக உரியவற்றை நோக்குவோம். கணினி உதவியாளர் பலர் இவற்றை அறியார்; தமிழாசிரியர்தாம் விளக்க வேண்டியிருக்கும்.

முதலாவது, ஒரே தோற்றம், இரு வேறு குறியீடு. ‘கோமதி’ என்னும் பெயரின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாகப் பதியலாம். ககரத்தை அடுத்து ஓகார உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒரு வகை. ககரத்தை அடுத்து ஏகாரத்துக்குரிய இரட்டைக்கொம்பையும் பின்னர்க் காலையும் தனித்தனிக் குறியெண்களாக இடுவது மற்றொரு வகை. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றே. இரண்டும் சமம் என்றே ஒருங்குறித் தரம் விதித்துள்ளது. ஆயினும் ஒப்பிடுமுன் இயல்பாக்கம் செய்யாத செயலிக்கு அவை இரு வேறு பெயர்கள். பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இரண்டாம் வகை தென்படுவதுண்டு. இன்றைய விசைப்பலகைகள் பொதுவாக முதல் வகையைத் தருகின்றன. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் இணைக்கும்போது ஒரே மாணவி இருவராகத் தோன்றுவது இதனால்தான். கண்ணால் எவ்வளவு உற்றுநோக்கினும் வேறுபாடு புலப்படாது. ஐயம் தோன்றின் அப்பெயரை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சுச் செய்து பார்த்தலே எளிய சோதனை.

இதனினும் கடினமானவை ‘ஔ’ என்பதும் ‘ஸ்ரீ’ என்பதும். ‘ஔவை’ எனத் தட்டச்சுச் செய்ய வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என அமைப்பவர் பலர். இங்கே ஒருங்குறித் தரமும் உதவாது. இரண்டும் சமம் என்று அது கூறவில்லை. இயல்பாக்கம் செய்த பின்னும் அவை வேறு சொற்களே. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தும் இருவகையாகப் பதியப்படுகிறது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின், அதனை முதலாகக் கொண்டும், முன்னரே இருந்த ‘ஸ’ முதலாகக் கொண்டும் அதே வடிவம் கிட்டுகிறது. இப்பெயருடைய மாணவரைத் தேடும்போது ‘இல்லை’ என்று பட்டியல் கூறுமாயின், மாணவர் இல்லை என்று பொருளன்று.

இரண்டாவது, குறியீட்டு மாற்றத்தில் எழுத்து அழிதல். பட்டியலை இணையத்திலிருந்து காற்புள்ளியால் பிரித்த கோப்பாக இறக்கி, மின்னஞ்சல் செயலிக்குள் ஏற்றுவோர் உளர். கோப்பைப் படிக்கும் செயலி அதனை ஒருங்குறி எனக் கொள்ளாமல், மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய பழைய குறியீடு எனக் கொண்டால், தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகும். இந்நிலையிலும் மீட்பு இயலும்; கோப்பைச் சரியான குறியீட்டில் மீண்டும் திறந்தால் போதும். கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டுவிட்டாலோ மீட்பு இல்லை; எழுத்துகளே அழிந்துவிட்டன. அந்தப் படியை மீண்டும் இணையத்துக்கு ஏற்றினால் மூலமும் கெடும். எனவே தமிழ்ப் பட்டியலை இவ்வாறு கொண்டுசெல்லுமுன் ‘யூடிஎஃப்-8’ என்னும் வடிவில் சேமித்தல் வேண்டும். மூன்று பெயர்களை மட்டும் கொண்டு முதலில் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, முகவரியின் நீளம். ‘தமிழ்’ என்பது நம் கணக்கில் மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறியெண்கள். ‘யூடிஎஃப்-8’ வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக, மொத்தம் 15 பைட்டுகள். இணைய முகவரியில் இடம்பெறும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக எழுதப்படுவதால் 45 குறிகள். பட்டியலுக்கும் கோப்புறைக்கும் நீண்ட தமிழ்ப் பெயர்களை அடுக்கினால் முகவரி நீள வரம்பைத் தாண்டுதல் எளிது. இதற்கு நல்ல தீர்வு உண்டு. பட்டியலை முதலில் குறுகிய உரோமன் எழுத்துப் பெயரில் உருவாக்கி, பின்னர் அதன் தலைப்பைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். முதலில் இட்ட பெயரே முகவரியில் நிலைக்கும். பயனர் காண்பது தமிழ்த் தலைப்பு. தமிழைக் கைவிட வேண்டியதில்லை; இடமறிந்து வைத்தால் போதும்.

நான்காவது, பெயரமைப்பு. மலேசிய இந்தியர் பெயர்களில் மகன் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/பி’ ஆகியவையும், சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ ஆகியவையும் சாய்கோட்டோடு எழுதப்படுகின்றன. ஷேர்பாயிண்டிலும் விண்டோசிலும் கோப்புப் பெயரிலும் கோப்புறைப் பெயரிலும் சாய்கோட்டுக்கு இடமில்லை. மாணவர் பெயரிலேயே கோப்புறை அமைக்க முயலும்போது இது தடையாகும். ஒருவர் சாய்கோட்டை நீக்க, மற்றொருவர் இடைவெளி விட, வேறொருவர் சிறுகோடு இட, ஒரே மாணவருக்கு மூன்று கோப்புறைகள் தோன்றும். மேலும், செயலிகள் கேட்கும் ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்னும் பகுப்பு நம் பெயர்மரபுக்கு அயலானது. தந்தை பெயரை ஒருவர் முன்னும் மற்றொருவர் பின்னும் இடுவதால், ஒரே தொடர்பு இருமுறை பதிவாகிறது. பள்ளி ஒரே மரபை வகுத்து எழுதிவைத்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, வரிசை. ஒருங்குறியின் குறியெண் வரிசை நம் அகரவரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கும். செயலி மொழிவாரி வரிசையைப் பின்பற்றாமல் குறியெண்ணை மட்டும் நோக்குமாயின், இணையத்திலும் மின்னஞ்சல் செயலியிலும் ஒரே பட்டியல் இரு வேறு வரிசையில் தோன்றும். பதிவு காணாமற்போகவில்லை, வேறிடத்தில் நிற்கிறது. எண்ணிக்கையை ஒப்பிட்டபின் ‘இழப்பு’ என்னும் சொல்லை வழங்குவோமாக.

7. முரணும் பாடவேறுபாடும்

ஒரே பதிவை இருவர் ஒரே காலத்தில் வேறு வேறாகத் திருத்தினால் என் செய்வது? இச்சிக்கல் தமிழ் அறிந்தோர்க்குப் புதிதன்று. ஒரு நூலின் ஏடுகள் பல ஊர்களில் படியெடுக்கப்பட்டபோது, ஒவ்வொரு படியிலும் வேறுபாடுகள் புகுந்தன. உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தெளிய வேண்டியிருந்தது. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை ஏற்கிறார். ஏற்காத பாடத்தை அழித்துவிடாமல் குறிப்பில் காட்டுகிறார். பின்னர் வருவோர் மறுபரிசீலனை செய்ய அதுவே வழி.

கணினி நிரல்கள் சில ‘இறுதியில் எழுதியவர் சொல்லே செல்லும்’ என்னும் விதியைப் பின்பற்றுகின்றன. இது விரைவானது, அறிவுடையது என்று கூறுதல் அரிது. விடுமுறைக்கு முன் இணையமின்றித் திருத்தப்பட்ட பழைய செய்தி, விடுமுறைக்குப்பின் இணைப்பு கிட்டியவுடன் புதிய செய்தியை மூடிவிடக்கூடும். எனவே பள்ளிப் பட்டியல்களில் பதிப்பு வரலாற்றைச் சேமிக்கும் அமைப்பை இயக்கிவைத்தல் வேண்டும். ஷேர்பாயிண்ட் பட்டியல்களில் அவ்வசதி உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் நிற்கும். அது குற்றம் காண்பதற்கன்று, மூலபாடம் தெளிவதற்கு.

8. மீட்பின் ஒழுங்கு

மேற்கூறியவற்றால் காரணம் புலப்படாவிடின், இணைப்பை நீக்கி மறுபடி ஏற்படுத்துதலே இறுதி வழி. பலர் இதனையே முதல் வழியாகக் கொள்கின்றனர். அதில் இடர் உண்டு. இணையத்தை இன்னும் அடையாத திருத்தங்கள் கணினியில் உள்ள படியில் மட்டுமே இருக்கும். இணைப்பை நீக்கினால் அவையும் நீங்கும். ஆகவே பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடித்தல் நன்று.

முதலில், செயலியில் உள்ள பட்டியலை வேறொரு கோப்புறைக்குப் படியெடுத்து வைக்க வேண்டும். இரண்டாவதாக, இரு தரப்பிலும் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, செயலியில் மட்டும் உள்ளவற்றையும், அங்கே வேறுபட்டு நிற்பவற்றையும் கண்டு, உலாவி வழியே இணையப் பட்டியலில் நேரடியாக இட வேண்டும். நான்காவதாக, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் உள்ள ‘ஷேர்பாயிண்ட் லிஸ்ட்ஸ்’ பக்கத்தில் பழைய இணைப்பை நீக்க வேண்டும். ஐந்தாவதாக, உலாவியில் பட்டியலைத் திறந்து மீண்டும் இணைக்க வேண்டும். ஆறாவதாக, இருவழிச் சோதனையை நடத்தி, எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். அதன்பின் சோதனைப் பதிவுகளை நீக்கி, முதலில் எடுத்த படியையும் தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். மாணவர் விவரம் அடங்கிய படி ஒன்று கேட்பாரற்றுக் கிடத்தல் ஆகாது.

உதவி நாடும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று கூறுவதால் பயன் இல்லை. எந்தப் பட்டியல், எவ்வழி, எந்நாள் முதல், எத்தனை பேருக்கு, எந்தப் பிழையெண் என்னும் ஐந்தையும் கூறினால் உதவியாளர் உடனே பணியைத் தொடங்கலாம். தமிழ்ப் பெயர்களோடு மட்டும் சிக்கல் எனில் அதனையும் முதலிலேயே கூற வேண்டும்.

9. நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கடமைகள் புலனாகும். எது மூலம், எது படி என்பதைப் பள்ளி முன்னரே வரையறுத்தல் முதலாவது. இணையப் பட்டியலே மூலம் எனின், ஐயம் எழும்போதெல்லாம் உலாவியில் சென்று அதனையே காண வேண்டும். பெயரெழுதும் மரபையும் தட்டச்சு முறையையும் ஒருமைப்படுத்தல் இரண்டாவது. ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் ஒருமுறை இருவழிச் சோதனை நடத்துதல் மூன்றாவது. அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

மாணவர்க்கும் ஒரு சொல். ஒருங்குறி, இயல்பாக்கம், அகரவரிசை, பெயரமைப்பு ஆகியவை கணினித் துறையினர் மட்டும் அறிந்தால் போதும் என்று கருதற்க. தமிழ் எழுத்தின் அமைப்பை அறிந்தவர் அத்துறையில் இல்லாவிடத்து, கோமதி இருவராவதையும் ஔவை காணாமற்போவதையும் எவரும் வழுவென்றே உணரார். தமிழும் கணினியும் ஒருங்கே கற்றோர்க்குச் செய்யத்தக்க பணி அங்கே நிரம்ப உள்ளது. எழுத்திலக்கணம் பயிலும் வகுப்பறையிலேயே அப்பணிக்குரிய பயிற்சியைத் தொடங்கலாம்.